லாக்ஸ்டன்: வயலுக்கு வேலி போடாத ஊர்



இங்கிலாந்துக் கிராமம் என்றதும், புதர்வேலி சூழ்ந்து கட்டம் கட்டமாய்க் கிடக்கும் பச்சை வயல்கள் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் நடுப்பகுதி மாவட்டங்களில் அந்த வேலிகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வந்தவை. அதற்கு முன்பு ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ பெருவெளிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எல்லாக் குடும்பங்களுக்கும் நீள நீளமான துண்டு நிலங்கள் சிதறிக் கிடந்தன. அந்த முறையில் இன்றும் பயிர்செய்யும் ஊர் ஒன்று நாட்டிங்காம்ஷயரில் இருக்கிறது. அதன் பெயர் லாக்ஸ்டன்.

பழைய ஊர்தான். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நார்மானியர் எழுப்பிய மண்கோட்டையின் மேடு ஊருக்கு வடக்கே இன்னும் நிற்கிறது. ஆனால் லாக்ஸ்டனின் பெருமை அந்தக் கோட்டையில் இல்லை, வயலில் இருக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெருவெளிகள். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். தரிசு கிடக்கும் வயலில் முன்பெல்லாம் ஊர் ஆடுமாடுகள் சேர்ந்து மேய்ந்தன. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இராது. மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு, களிமண்ணில் ஒன்று என்று பரவியிருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வந்தன. பக்கத்துத் துண்டுக்காரர் கோதுமை விதைக்கும்போது நான் மட்டும் வேறொன்று விதைப்பேன் என்று யாரும் கிளம்ப முடியாது. கலந்து பேசித்தான் ஆக வேண்டும்.

1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் இந்த ஊரை வரைபடமாக்கினார். ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகக் குறித்ததோடு அவர் நிற்கவில்லை. ஏர் உழுகிறவர்களையும் அறுவடை செய்கிறவர்களையும் சிறு சிறு உருவங்களாக வரைந்திருக்கிறார். அந்த வரைபடம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வேலியடைப்பும் நடந்து வந்தது; சிதறிய துண்டுகளைச் சேர்த்து வேலி போட்டுத் தனித்தனி உடைமையாக்கும் முறை அது. 1604க்கும் 1914க்கும் இடையே நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலியடைப்புச் சட்டங்கள் 5,200க்கு மேல். பொது மேய்ச்சலை நம்பியிருந்த ஏழைகள் அதை இழந்தார்கள். பலர் கூலிகளானார்கள். விளைச்சல் கூடியது உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது என்பதே என் எண்ணம். லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி அடைபட்டது. அங்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரும் பிரபுக் குடும்பங்கள் ஒத்துப்போகாததும் மீதி தப்பியதற்கு ஒரு காரணம்.

இப்போது நவம்பர் மாதக் கடைசிக்கு வாருங்கள். அப்போது வருவது ஜூரி நாள். கோதுமை விதைத்த வயலைப் பார்வையிட ஊர் விவசாயிகளே ஜூரிகளாகக் கிளம்புகிறார்கள். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி, சேற்றில் குலுங்கிக்கொண்டு போய், துண்டு துண்டாக நடந்து பார்க்கிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் மர முளை அடிக்கிறார்கள். வயலுக்கு நடுவே உழவுக்கு ஆகாத தாழ்வான புல்திட்டுகள் உண்டு. அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். யாராவது அந்தத் திட்டுக்குள்ளோ பொதுப்பாதைக்குள்ளோ ஏரை ஓட்டியிருந்தால், அது குறிப்பில் ஏறும்.

ஒரு வாரம் கழித்து, 'டவ்காட் இன்' என்ற ஊர் மதுவிடுதியில் 'கோர்ட் லீட்' எனப்படும் ஊர் மன்றம் கூடும். எல்லை மீறியவருக்கு அங்கே அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் பக்கத்து வயல்காரர்கள் முன்னால் தன் பெயர் வாசிக்கப்படுகிறதே, அதுதான் உறைக்கும். அடுத்த ஆண்டுக்கான ஜூரியும் அங்கேயே உறுதிமொழி எடுக்கும். பழைய ஊர் மன்றங்கள் பலவற்றின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலி அடைத்த ஊர்களில் விவசாயிகள் பலர் தத்தம் நிலத்துக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு ஊரைவிட்டு விலகிப் போனார்கள். லாக்ஸ்டனில் நிலம் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்ததால் அப்படிப் போக வழியில்லை. பண்ணை வீடுகள் இன்றும் ஊர்த்தெருவிலேயே நிற்கின்றன. நிலம் பிரிந்து கிடந்ததுதான் மனிதர்களை ஒரே தெருவில் சேர்த்து வைத்தது. இந்த ஊரைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

மாற்றமே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சின்னத் துண்டுகள் பல ஒன்றுசேர்க்கப்பட்டன. எருது போய் டிராக்டர் வந்தது. 1952இல் பிரிட்டிஷ் வேளாண் அமைச்சகம் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து இந்த நிலங்களை வாங்கியது. 1981இல் அவை முடியரசின் நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போயின. 2020இல் பழைய மேன்வர்ஸ் குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பின. உடைமை இத்தனை முறை கைமாறியும் ஊர் மன்றம் நிற்கவில்லை.

இங்கிலாந்துக்குப் போகும் நேயர்கள் லண்டனோடு திரும்பிவிடாமல் ஒரு நாளை லாக்ஸ்டனுக்கு ஒதுக்குங்கள். வயல்களுக்கு நடுவே பொதுப்பாதைகள் இருக்கின்றன, தாராளமாக நடக்கலாம். விதைத்த நிலத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள்.