அபிக்கு ஏன் மஞ்சள் முகம்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. வாசலில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து, "யாரு வரைஞ்சது? ஏன் மூஞ்சி மஞ்சளா இருக்கு?"ன்னு காலையிலிருந்து கேட்கிறீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

அது 'கோலங்கள்' அபி. சன் டிவியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை ஓடிய தொடர். திருச்செல்வம் இயக்கினார், அபியாக நடித்தவர் தேவயானி. அபி வீட்டுக்கு மூத்த பெண். கணவனைப் பிரிந்து, கட்டடத் தொழிலில் சொந்தக் காலில் நின்றவள். அந்த வருஷங்களில்தான் நானும் கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அம்மா ஒரு கேள்வி கேட்டதில்லை. ராத்திரியானா, "வா, அபி வந்துட்டா"ன்னு கூப்பிடும். அவ்வளவுதான்.

போன வருஷம் ஓவியப் பயிற்சி முடிந்ததும், பெயிண்ட் வாங்க உள்கடனாக 1,500 ரூபாய் கேட்டேன். "ஆடு வாங்கு, தையல் மெஷின் வாங்கு, தர்றோம். படம் வரையவா கடன்?"னு சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எல்லாருடைய சேமிப்பும் அதில் இருக்கு. மூணு கூட்டம் பேசித்தான் தீர்மான நோட்டில் எழுதினாங்க. அதனால், முதல் படம் கெட்டுப்போன ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

போட்டோ மாதிரியே வரணும்னு நிறத்தோடு நிறத்தைக் குழைச்சுக் குழைச்சுப் பூசினேன். முகம் சேறாயிடுச்சு. பயிற்சி கொடுத்த டீச்சர்தான், "பாப் ஆர்ட் முறையில் போட்டுப் பாரு"ன்னாங்க. கடையிலும் டிவியிலும் தினம் பார்க்கிறதையே ஓவியமாக்குவது பாப் ஆர்ட். அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் 1962-ல் சூப் டப்பாவை வரைந்தார். அதே வருஷம் நடிகை மர்லின் மன்றோவை ரோஸ் முகம், மஞ்சள் முடி, நீல இமைன்னு அச்சடித்தார்.

செய்முறை சொல்றேன், கேட்டுக்கோங்க. 6-க்கு 8 அங்குலப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, அரை அங்குலக் கட்டம் போடுங்க. 12-க்கு 16 அங்குல கேன்வாஸ் அட்டையில் ஒரு அங்குலக் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் முகம் கோணாது. சினிமா பேனர் வரைந்தவர்களும் இப்படிக் கட்டம் போட்டுத்தான் பெரிசாக்கினாங்க.

அப்புறம் முகத்தை வெளிச்சம், அரை நிழல், முழு நிழல்னு மூணாகப் பிரிங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். குழைக்கவே கூடாது. நான் வெளிச்சத்துக்கு மஞ்சள், அரை நிழலுக்கு ஆரஞ்சு, முழு நிழலுக்கும் முடிக்கும் கருநீலம் வைத்தேன். அக்ரிலிக் பெயிண்டை மெல்லிசாக ரெண்டு தடவை பூசணும். முதல் பூச்சு காய்ந்த பிறகுதான் ரெண்டாவது. பின்னணியில் காது குடையும் பஞ்சுக் குச்சியால் வரிசையாகப் புள்ளி. புள்ளி வைக்க நமக்கு யாரும் சொல்லித்தரணுமா? கடைசியில் கண், மூக்கு, உதட்டுக்குக் கறுப்புக் கோடு.

படம் முடிந்த அன்னிக்கு அம்மா முன்னாடி வைத்தேன். அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. டிவியில் முகம் தெரியலைன்னு பார்ப்பதையே விட்டிருந்தது. கிட்டே வந்து பார்த்துட்டு, "அபிதானே இது?"ன்னு கேட்டது. அழுத்தமான நிறமும் தடித்த கோடும் அந்தக் கண்ணுக்கும் எட்டியிருக்கு. அன்னிக்குத்தான் கண் ஆஸ்பத்திரிக்கு வரவும் சம்மதித்தது.

அபி படம் விற்பனைக்கு இல்லை. நடிகர் முகத்தை வைத்து நாம் வியாபாரம் பண்ணக் கூடாது. ஆனா அதைப் பார்த்துட்டு, தன் அம்மாவை, பாட்டியை வரையச் சொல்லிக் கேட்டவங்க ஏழு பேர். அந்தக் காசில்தான் கடனை அடைச்சேன்.

தயங்கித் தயங்கியாவது அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் நன்றி. அடுத்து ஒரு தங்கச்சி நமக்குப் புரியாத தொழிலுக்குக் கடன் கேட்டு வந்தால், கேள்வி கேளுங்க. ஆனா பதிலையும் பொறுமையாகக் கேளுங்க.