அணுக்குண்டு புகாத கடல்

(பொத்துவிலில் விவசாயிகளும் மீனவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவர் என்னைத் தடுத்து நிறுத்தி, “தம்பி, நெல்லுக்கு விலையில்லை, உரத்துக்கு வழியில்லை, நீர் அணுக்குண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறீராமே!” என்றார். நியாயமான கேள்வி. நெல்லைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேச ஆட்கள் பலர் இருக்கின்றனர். தேர்தல் நெருங்கினால் இன்னும் பலர் வருவர். ஆனால் அறுகம்குடாவுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கடலைப் பற்றி நம்மிடம் வந்து பேசுவோர் எவருமில்லை. ஆகையால் இன்று ஒரு மணி நேரம் அதற்குத் தாருங்கள்.

கடல் நமக்கு மீனை மட்டும் கொண்டுவந்து தரவில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரில் 9-ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மீஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை 307 மாலுமிகளோடு மூழ்கடித்தன. அக்கப்பல் இன்றும் அக்கடலடியிலேயே கிடக்கின்றது. யாருடைய யுத்தம் அது? மட்டக்களப்பானுடைய யுத்தமா, பொத்துவிலானுடைய யுத்தமா? திருகோணமலையிலே பிறருடைய கடற்படைத் தளம் இருந்தது. அதனாலேயே யுத்தம் நம் வாசலுக்கு வந்தது. அத்தளம் 1957-இலேதான் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

அது பழைய வெடிமருந்தின் காலம். அணுக்குண்டின் காலத்திலே நிலைமை என்ன? 1954 மார்ச்சு முதல் நாள், பசிபிக் சமுத்திரத்தில் பிக்கினித் தீவிலே அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பார்த்தது. அபாய எல்லையென அமெரிக்கா அறிவித்திருந்த பகுதிக்கு வெளியே, 23 யப்பானிய மீனவர்கள் ஒரு படகிலே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தனர். வானத்திலிருந்து வெண்சாம்பல் அவர்கள் தலைமீது சொரிந்தது. கரை சேருமுன்னரே நோய் கண்டது. அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டெம்பரிலே மாண்டார். அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? யப்பானியச் சந்தைகளில் சூரை மீனை வாங்க ஆளில்லாமற் போயிற்று. நமது கடற்றொழிலாளர் இதன் பொருளை என்னைவிட நன்கறிவர்.

இனி, உடன்படிக்கை என்பது என்ன என்று பார்ப்போம். போடிமாருக்கு இதை விளக்குவது எளிது. முன்மாரி விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறோம் அல்லவா? இன்ன தேதிக்குள் மாடுகளை வட்டையிலிருந்து அகற்ற வேண்டும், இன்ன தேதிக்குள் வேலி கட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறோம். வயற்காரர் மட்டும் ஒப்புக்கொண்டால் போதுமா? பெரிய பட்டி வைத்திருப்பவரும் ஒப்புக்கொண்டாலன்றி அவ்வேலியால் பயனில்லை. அணுவாயுதமற்ற வலயம் என்பதும் இத்தகையதே. ஒரு பிரதேசத்து நாடுகள் கூடி, “நாங்கள் அணுவாயுதம் செய்யமாட்டோம், வாங்கமாட்டோம், பிறர் எங்கள் மண்ணில் வைக்க இடங்கொடுக்கமாட்டோம்” என்று எழுதிக் கைச்சாத்திடுகின்றன. அதனோடு ஒரு பின்னிணைப்பும் உண்டு. “இவ்வலயத்து நாடுகளை அணுவாயுதத்தால் தாக்கவோ, தாக்குவோமென்று மிரட்டவோ மாட்டோம்” என்று வல்லரசுகள் அதிலே கையொப்பமிடவேண்டும். பட்டிக்காரருடைய கையொப்பம் அதுவே.

மக்கள் வாழும் பிரதேசத்தில் இவ்வாறு முதலில் வேலி கட்டியவர்கள் இலத்தீன் அமெரிக்கர். 1962-இல் கியூபாவிலே சோவியத் ஏவுகணைகள் வந்திறங்கி, உலகமே அழியுமோ என்று நடுங்கிய நாட்களை அவர்கள் மிக அருகிலிருந்து கண்டனர். ஐந்தாண்டுகள் கழிவதற்குள், 1967 பெப்ரவரி 14-ஆம் தேதி, மெக்சிக்கோ நகரின் திலாத்தெலோல்கோவில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்காக அயராது உழைத்த மெக்சிக்கோ இராசதந்திரி அல்போன்சோ கார்சியா ரோபிள்சுக்கு 1982-இல் நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கியூபா கடைசியாக 2002-இல் சேர்ந்தது. அத்துடன் 33 நாடுகளும் உள்ளே வந்துவிட்டன. ஐந்து வல்லரசுகளும் பின்னிணைப்பை ஏற்றுள்ளன. ஆயினும் 1982-இல் போக்லாந்து யுத்தத்துக்குச் சென்ற பிரித்தானியக் கப்பல்கள் சிலவற்றில் அணுவாயுதங்கள் இருந்தன என்பதை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு 2003-இலேதான் ஒப்புக்கொண்டது. உடன்படிக்கையை மீறவில்லை என்பது அவர்கள் வாதம். வேலி கட்டினாலும் காவலிருக்க வேண்டும் என்பது வட்டவிதானையார் அறியாததன்று.

தென் பசிபிக் நாடுகள் 1985-இல் ரரொத்தொங்காவிலும், தென்கிழக்காசிய நாடுகள் 1995-இல் பாங்கொக்கிலும், மத்திய ஆசிய நாடுகள் 2006-இல் செமிப்பலாத்தின்ஸ்க்கிலும் இவ்வாறே செய்தன. பாங்கொக் உடன்படிக்கையின் பின்னிணைப்பில் கால் நூற்றாண்டு கழிந்தும் ஒரு வல்லரசேனும் கையொப்பமிடவில்லை. காரணம், அது கரையோடு நிற்காமல் 200 கடல் மைல் வரை நீளும் பொருளாதாரக் கடல் வலயத்தையும் உள்ளடக்கியது. நிலத்தைக் கேட்டால் சிலவேளை தருவார்கள். கடலைக் கேட்டால் முகஞ்சுளிப்பார்கள்.

அந்தக் கடலைக் கேட்டவர்கள் நாம்! இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எவரும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. 1964-ஆம் ஆண்டிலேயே, அணுவாயுதந் தாங்கிய கப்பல்களும் விமானங்களும் நமது துறைமுகங்களுக்கும் விமானத்தளங்களுக்கும் வரக்கூடாது என்று சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசாங்கம் அறிவித்தது. 1971-இல் அம்மையார் ஐக்கிய நாடுகள் சபைக்கே சென்று, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டுமென்று கோரினார். அவருடைய உள்நாட்டுக் கொள்கைகளால் தமிழ் பேசும் மக்கள் பட்ட துன்பத்தை நான் மறந்து பேசவில்லை. எனினும் செய்த நன்மையை நன்மையென்று சொல்லத்தான் வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் தேதி பிரேரணை நிறைவேறிற்று. ஆதரவு 61; எதிர்ப்பு இல்லை; வாக்களியாது விலகி நின்றோர் 55. அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் பிரித்தானியாவும் பிரான்சும் விலகி நின்றன. உலகமெல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள், நமது கடலைக் கண்டதும் ஒரே வாங்கில் அமர்ந்துவிட்டார்கள்!

பின்னர் நடந்ததென்ன? குழு அமைத்தார்கள். கொழும்பிலே 1981-இல் மகாநாடு என்றார்கள், அது கூடவேயில்லை. அதற்கிடையில் சாகோசுத் தீவுகளைச் சேர்ந்த தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வளர்ந்தது. தென்னந்தோட்டங்களிலே பாடுபட்டு வாழ்ந்த அத்தீவுகளின் மக்களைப் பிரித்தானியா 1968 முதல் 1973 வரை முற்றாக அகற்றிற்று. ஆப்பிரிக்க நாடுகள் 1996-இல் தமது வலயத்துக்கான பெலிண்டாபா உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டபோது சாகோசையும் வரைபடத்திற் சேர்த்தன. பிரித்தானியா அதை ஏற்கவில்லை. 2025 மே மாதத்தில் அத்தீவுகளை மொரீசியசுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா கையொப்பமிட்டது. ஆனால் தியாகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொள்ள அதிலேயே ஏற்பாடு உண்டு.

நமது அயலையும் பாருங்கள். 1974 மே மாதம் இந்தியா பொக்ரானில் பரிசோதனை நடத்தியது. அவ்வாண்டே தென்னாசியாவை அணுவாயுதமற்ற வலயமாக்குவோம் என்று பாக்கிஸ்தான் ஐக்கிய நாடுகள் சபையிற் பிரேரித்தது. சீனாவின் கையிற் குண்டிருக்கத் தென்னாசியாவை மட்டும் தனியே பிரித்து வேலி கட்ட முடியாது என்றது இந்தியா. அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? 1998 மே மாதத்தில் இந்தியாவும் வெடித்தது, பாக்கிஸ்தானும் வெடித்தது. தென்னாபிரிக்காவோ, தான் செய்து வைத்திருந்த ஆறு குண்டுகளையும் அழித்துவிட்டதாக 1993-இல் உலகுக்கு அறிவித்தது. செய்தவர்கள் திரும்பியதும் உண்டு.

இருவர் குண்டோடு நிற்கையில் சிறிய இலங்கை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். மொங்கோலியாவைப் பாருங்கள். ஒருபுறம் ருஷ்யா, மறுபுறம் சீனா. கூட்டுச்சேர அயலில் எவருமில்லை. 1992-இல் அது தன்னந்தனியாகத் தன் மண்ணை அணுவாயுதமற்ற வலயமென்று பிரகடனம் செய்தது; 2000-இல் அதைச் சட்டமாக்கியது. 2012-இல் ஐந்து வல்லரசுகளும் அந்நிலையை மதிப்பதாக எழுதிக்கொடுத்தன. நியூசீலந்து, குண்டு ஏற்றியிருக்கலாம் என்று ஐயுற்ற அமெரிக்கப் போர்க்கப்பலொன்றை 1985-இல் வரவேண்டாமென்றது. 1987-இல் சட்டமும் இயற்றியது. நாம் 1964-இற் சொன்ன சொல்தான் அது!

2023 செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையிற் சேர்ந்துவிட்டது. நல்ல காரியம். எனினும் ஒரு மீனவ நண்பர் என்னிடம் கேட்டார்: “இரவிலே எங்கள் படகுக்கு அப்பால் போகும் போர்க்கப்பலில் குண்டு இருக்கிறதா, இல்லையா? யாரிடம் கேட்பது?” அக்கப்பற்காரரிடம் கேட்டால், “உண்டென்றும் சொல்லோம், இல்லையென்றும் சொல்லோம்” என்பார்கள், அது அவர்களுடைய நெடுநாட் கொள்கை. நடுக்கடலில் நிற்கும் கப்பலை நாம் தடுக்கவியலாது. ஆனால் எண்ணெய்க்கும் தண்ணீருக்குமாகக் கொழும்பிலும் திருகோணமலையிலும் அது வந்து நிற்கும்போது கேட்கலாமல்லவா? ஆகவே நமது பாராளுமன்ற உறுப்பினர் அடுத்தமுறை இவ்வூருக்கு வரும்போது, வீதியையும் வாய்க்காலையும் கேட்டு முடித்தபின், இதையும் கேளுங்கள்: 1964-இல் இந்நாடு சொன்ன சொல் இன்றும் செல்லுமா? செல்லுமாயின், துறைமுகத்தில் அதைக் கேட்டு எழுதி வாங்கும் அதிகாரி யார்?