வால்வு பாடி என்னும் மதகு



கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்லும் கார்களுள் கிளட்ச் மிதி இல்லாதவை இன்று பல. 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்களைப் பூட்டிவரும் தொழிற்சாலையும் நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே உள்ளது. ஓட்டுநர் கைவைக்காமலே கியர் மாறுவது எவ்வாறு?

டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கிப் பெட்டிகளில் அவ்வேலையை நடத்துவது வால்வு பாடி. அதனை ஏரியின் மதகாகக் கருதுங்கள். எஞ்சினால் சுழலும் பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்புகிறது. அலுமினிய வார்ப்பில் அமைந்த வாய்க்கால்களில் அது ஓடுகிறது. சிறு உருளை வால்வுகள் நகர்ந்து ஒரு வாய்க்காலைத் திறக்கின்றன, மற்றொன்றை அடைக்கின்றன. எண்ணெய் எந்தக் கிளட்சுகளை அழுத்துகிறதோ அதற்கேற்ற கியர் விழுகிறது. பழைய பெட்டிகளில் வண்டியின் வேகத்தால் எழும் எண்ணெய் அழுத்தமும் ஆக்சிலேட்டரால் எழும் அழுத்தமும் எதிரெதிரே தள்ளி, வென்றதன்படி கியர் மாறியது. இன்று கணினி கட்டளையிட, சோலினாய்டுகள் வால்வுகளை இயக்குகின்றன.

உருளைக்கும் அதன் துளைக்கும் உள்ள இடைவெளி மயிரிழையினும் நுண்ணியது. தேய்ந்த கிளட்சின் தூள் அதில் சிக்கினால் கியர் தாமதித்து விழும். அல்லது வண்டி உதறும். 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற காலத்தில் பெட்டிக்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் கலங்கும். ஆகவே கழற்றுமுன் எண்ணெயின் அளவு, நிறம், மணம் ஆகியவற்றைப் பாருங்கள், கணினி காட்டும் பழுதுக் குறியீட்டைப் படியுங்கள், அழுத்தத்தை அளந்தறியுங்கள். கழற்றிய பின் சிறு குண்டுகள் இருந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நூல் உதிராத துணியும் தூய மேசையும் இன்றி இவ்வேலை இல்லை. அழுக்கு வேலையே நமக்கு உரியது என்று விதித்த சமூகத்தில், தூய கைகளையே கேட்கும் தொழில் இது.

தமிழகத்தின் பல ஊர்களில் ஏரி மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் நம் முன்னோர். எவ்வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர், வயலோ அவர்களுடையதன்று. செங்கற்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலமற்ற வறுமையை அரசுக்கு எழுதினார். அறிவு இருந்தும் உரிமை இல்லாத அந்நிலை பட்டறையிலும் தொடரலாகாது.

எனவே, பெட்டியை இறக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பழுது எங்கே என்று காரணத்தோடு கூறுமளவு கற்றுக்கொள்ளுங்கள், சான்றிதழ் பெறுங்கள், இருவர் மூவராய்ச் சேர்ந்து சொந்தப் பட்டறை தொடங்குங்கள். மதகும் வயலும் இம்முறை உங்கள் கையில் இருக்கட்டும்.