பரவிய புற்றுக்குக் கத்தி எதற்கு?



மார்பகப் புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். "கத்தி பட்டால் பரவிவிடும், தொடவே கூடாது" என்பது ஒன்று. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், முழுசா வெட்டி எடுத்துடுங்க" என்பது மற்றொன்று. இரண்டும் பயத்தில் பிறந்தவை. நோய் பரவிவிட்ட பெண்ணுக்கு இரண்டுமே வழி காட்டாது.

முதல் குரலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். கத்தி பட்டதால் புற்று பரவுவதில்லை. ஆரம்ப நிலையில் குணமாக்கும் சிகிச்சைக்கு அறுவைதான் அடிப்படை. அதற்குப் பயந்து எண்ணெய், மூலிகை என்று மாதங்களைக் கடத்திவிட்டு வருகிறவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். பழி கத்தியின் மேல் விழுகிறது. மலேசியாவில் இந்த நோய் கண்டறியப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

சரி, பரவும் நோய் எங்கே போகிறது? 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், இந்நோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். புற்றுச் செல் விதை போன்றது, அது எல்லாத் திசையிலும் போனாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார். மார்பகப் புற்றுக்கு வழக்கமான நிலங்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய நான்கு.

ஆனால் 'லோபுலர்' என்றொரு வகை உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளில் 100 பேருக்கு 10 முதல் 15 பேருக்கு இந்த வகைதான். இதன் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரளாமல் எறும்பு போல வரிசையாக ஊர்ந்து போகும். அதனால் மெமோகிராம் படத்தில்கூடச் சில சமயம் தப்பிவிடும். இரைப்பை, குடல், வயிற்றின் உட்சவ்வு, சினைப்பை, கண்குழி என்று யாரும் எதிர்பார்க்காத இடங்களுக்கும் இது போகும். அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் வசிக்கும் ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். மார்பில் அறுவை முடிந்து பத்து வருடமாகிவிட்டது. இப்போது நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது, வாந்தி வருகிறது. 'கேஸ்டிரிக்' என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பைச் சுவர் தடித்து விறைத்திருக்கிறது. பார்வைக்கு அது இரைப்பைப் புற்று போலவே இருக்கும். பழைய கதையை அவர் சொல்லாவிட்டால், இரைப்பையையே எடுத்துவிடும் பேச்சுகூட எழலாம். திசுவைச் சோதித்து, அது மார்பிலிருந்து வந்த விதைதான் என்று தெரிந்தால் வழியே வேறு. பலருக்கு ஹார்மோன் மாத்திரையும் அதனுடன் சேர்ந்த மருந்துகளும்தான் சிகிச்சை. இரைப்பை அகற்றும் பெரிய அறுவையைத் தவிர்க்கலாம்.

கண்ணுக்கும் இதே கதைதான். கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தால் கண் பொதுவாக வெளியே தள்ளும். இந்த வகைப் புற்றோ திசுவைச் சுருக்கி, கண்ணை உள்ளே இழுத்துவிடுவதும் உண்டு. ஒரு கண் மட்டும் குழிந்து, பார்வை இரண்டாகத் தெரிந்தால் 'வயசாச்சு' என்று விட்டுவிடக் கூடாது.

இனி இரண்டாவது குரல். நோய் பரவியிருக்கும்போதே கண்டறியப்படும் பெண்ணுக்கு, மார்பில் இருக்கும் மூலக்கட்டியை எடுத்தால் ஆயுள் கூடுமா?

கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1993 முதல் 2008 வரை அப்படி வந்த 375 பெண்களின் பதிவுகளை, நிர்மலா பூபதி, யிப் செங் ஹார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் ஐந்தில் ஒருவர்தான் இருந்தார். அப்படியானால் எல்லாருக்கும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் உடல் தெம்பும் குறைந்த பரவலும் உள்ளவர்களைத்தான் மருத்துவர்கள் அறுவைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். நன்மை கத்தியாலா, தெம்பாலா?

இதைத் தீர்க்க மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வே குழுவினர் 350 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். முதலில் மருந்து வேலை செய்தவர்கள்தான் இதில் சேர்க்கப்பட்டார்கள். முடிவு 2015-இல் வந்தது. மூலக்கட்டிக்குச் சிகிச்சை பெற்ற பிரிவின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம். பெறாத பிரிவுக்கு 20.5 மாதம். பயன் இல்லை. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வும் அதையே சொன்னது. 2018-இல் வெளியான துருக்கி ஆய்வு மட்டும் ஐந்தாண்டு அளவில் அறுவைக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் அதில் இரு பிரிவினரும் நோயின் தன்மையில் சமமாக இல்லை என்ற விமர்சனம் உண்டு. ஆகவே பரவிய நோயில் வழக்கமாக மருந்துதான் முன்னே போகும்.

அப்படியானால் கத்திக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. முதுகெலும்பில் கட்டி வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கினால் கால் மரத்துப் போகும். பலவகைப் புற்றுநோயாளிகள் 101 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர். தொடை எலும்பு முறியும் நிலையில் இருந்தால் முன்கூட்டியே கம்பி பொருத்தலாம். குடல் அடைத்தால் சோறு இறங்க வழி செய்யலாம். மூளையில் ஒற்றைக் கட்டி இருந்தால் தகுந்தவர்களுக்கு அகற்றலாம். நெஞ்சில் நீர் கோத்தால் வடித்து, மூச்சு விட வைக்கலாம்.

மார்புப் புண் உடைந்து நாற்றம் வந்தால், அந்தப் பெண் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் அறைக்குள் ஒடுங்கிவிடுகிறாள். பேரப்பிள்ளையைத் தூக்கவும் கூசுகிறாள். கதிர்வீச்சாலோ அறுவையாலோ அந்தப் புண்ணை ஆற்ற முடிந்தால், ஆயுளில் ஒரு நாள்கூடக் கூடாவிட்டாலும் அவள் மறுபடி கூடத்துக்கு வந்து உட்காருவாள். அது சின்ன விஷயமா?

ஆகவே அறுவை என்று சொன்னால் பயந்து ஓடவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த அறுவை எதற்காக? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதனால் மருந்து எத்தனை வாரம் தள்ளிப்போகும்?

இன்னொன்று. பழைய அறுவையின் திசு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போனாலும் சரி, கொம்யூட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸில் இறங்கிக் கண் டாக்டரைப் பார்க்கப் போனாலும் சரி, அந்தப் ஃபைல் கைப்பையில் இருக்கட்டும். "எனக்கு முன்பு மார்பில் புற்று வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்படும் அம்மாவுக்காக, பக்கத்தில் இருக்கும் மகளோ மகனோ சொல்லுங்கள்.