வாசலில் தொடங்கும் பாதுகாப்பு
(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆலோசகரான குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய ஒரு திருநங்கை, வேறொரு குடியிருப்பில் தோழியுடன் தங்கியிருந்தார். அவருடைய அண்ணன் வந்து, பழைய பெயரைச் சொல்லி, "என் தம்பி எந்த வீடு?" என்று கேட்டார். செக்யூரிட்டி நல்லெண்ணத்தில் வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். அன்றிரவே அந்தப் பெண் மறுபடியும் ஓட வேண்டியதாயிற்று.

அடிப்பவரை விட்டு விலகும் நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம். முன்பு கழுத்தை நெரித்தார்களா? கொல்வதாக மிரட்டினார்களா? பின்தொடர்கிறார்களா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் தாமதிக்கக் கூடாது.

நம்மால் முடிந்தவை மூன்று.

ஒன்று: யார் விசாரித்தாலும் முதலில் இன்டர்காமில் அந்த வீட்டைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ போடக் கூடாது.

இரண்டு: அவரைக் கேட்காமல் குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லாதீர்கள். "காணவில்லை" என்ற புகாரோடு போலீஸ் வந்தாலும் பதற வேண்டாம். வயது வந்த பால்புதுமையர் தம் விருப்பப்படி வாழ்வதாக வாக்குமூலம் தந்தால், துன்புறுத்தாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. கண்ணெதிரே தாக்குதல் நடந்தால் உடனே 112-ஐ அழையுங்கள்.

மூன்று: அடையாள அட்டை, ஹார்மோன் மருந்து, மருத்துவச் சீட்டு, கொஞ்சம் பணம் அடங்கிய பை ஒன்றை நம் வீட்டில் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கலாம்.

திட்டம் அவருடையது. "உங்களுக்கு எது பாதுகாப்பு?" என்று கேட்பதே நம் வேலை.