அடுப்புப் புகையும் சுவாச நோய்களும்

காற்று மாசு என்றதும் ஆலைப் புகைபோக்கியும் லாரியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், கங்கைச் சமவெளியின் கிராமமொன்றில், தாழ்ந்த கூரையின் கீழ் வறட்டியும் துவரைக் குச்சியும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து ரொட்டி சுடும் பெண்ணும் அவள் மடியிலுள்ள குழந்தையும் அந்நேரத்தில் சுவாசிக்கும் காற்று, பெருநகரச் சாலைச் சந்திப்பின் காற்றைவிடக் கேடு மிகுந்ததாக இருக்கக்கூடும்.

புகை நோய்க்கிருமியைக் கொண்டு வருவதில்லை. உடலின் காவலைத் தளர்த்துகிறது. முழுமையாக எரியாத விறகிலிருந்து எழும் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. அதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுப்பதில்லை. மூச்சுக்குழாயில் சளியையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் புகையால் செயல் குன்றுகின்றன. நுரையீரலின் காற்றறைகளில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்களோ துகள்களை விழுங்கியே திறன் இழக்கின்றன. இதனால் சாதாரணச் சளி குழந்தைக்கு நிமோனியாவாக முற்றக்கூடும். இருமல் நீடிக்கும் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

இவ்வளவும் தெளிவு. ஆனால் நோயின் எவ்வளவு பங்கு புகையால் விளைந்தது என்று கணக்கிடுவது எளிதன்று. 1992-93 ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுப் புள்ளிகளை ஆராய்ந்தவர்கள், விறகும் வறட்டியும் எரிக்கும் வீடுகளில் காசநோய் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். எனினும் அதே வீடுகளில்தான் உணவுக் குறைவும் இட நெருக்கடியும் உள்ளன. குற்றவாளி புகையா, வறுமையா என்ற கேள்வியைப் பொருளாதார மாணவர் எவரும் எழுப்பவே செய்வர்.

இதற்கு விடை காண, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இந்தியாவில் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் 18 மாதங்கள் இலவசமாக அளிக்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஆயினும் குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என 2024 இல் வெளியான முடிவு தெரிவித்தது. இதை வைத்துப் புகை தீங்கற்றது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த ஆண்டு அளவு 5 மைக்ரோகிராம்தான். மேலும் ஒரு வீட்டின் அடுப்பு மாறினாலும் அண்டை வீட்டுப் புகை வேலியில் நிற்பதில்லை. குழந்தைகளின் ஊட்டமும் தடுப்பூசியும் இக்கணக்கில் தத்தம் பங்கைப் பெறுகின்றன.

அரசின் முயற்சிகளையும் இந்தக் கண்கொண்டே நோக்க வேண்டும். 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த புகையில்லா அடுப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கில் அடுப்புகள் அமைக்கப்பட்டன. பல விரைவில் பழுதாயின. அமைத்த எண்ணிக்கை கோப்பில் நின்றது, எரிந்த எண்ணிக்கை நிற்கவில்லை. 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகளை வழங்கியது. இது பெருஞ்சாதனையே. ஆனால் பயனாளிகள் ஆண்டொன்றுக்குச் சராசரியாக நிரப்பிய உருளைகள் 2019-20 இல் 3.01 தான், 2023-24 இல் 3.95 ஆக உயர்ந்தது. ஐவர் கொண்ட குடும்பம் முழுவதும் எரிவாயுவிலேயே சமைக்க இது போதாது. விருந்தினருக்குத் தேநீர் எரிவாயுவில்; ரொட்டியும் குளிர்காலத்து வெந்நீரும் பழைய அடுப்பில்.

காரணம் அறியாமை என்று சொல்வது அலுவலர்களுக்கு வசதியான விளக்கம். பொறுக்கிய சுள்ளிக்கும் தட்டிய வறட்டிக்கும் ரொக்கம் தேவையில்லை. பெண்ணின் உழைப்பை எவரும் விலையிட்டுக் கணக்கெழுதுவதில்லை. 14.2 கிலோ உருளைக்கோ, மானியம் பின்னர் வங்கிக்கு வருமாயினும், முழு விலையை ஒரே தவணையில் தர வேண்டும். கூலி வாரந்தோறும் வரும் வீட்டில் அத்தொகை ஒருசேர நிற்பதில்லை. இதனை உணர்ந்தே 5 கிலோ உருளையாக மாற்றிக்கொள்ளும் வசதி 2018 இல் அளிக்கப்பட்டது. அந்தச் சிறு உருளை எந்தக் கிராமங்களில் உண்மையில் கிடைக்கிறது என்பதை வட்டார அலுவலர்கள் நேரில் சென்று பார்த்தறியலாம்.