பீங்கானும் மோட்டார் வண்டியின் மூளையும்



விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாற்றங்கரையும் பலருக்கு நினைவில் எழும். ரயிற் பயணிகளுக்கோ அது, சேலத்துக்கும் கடலூருக்கும் வழி பிரியும் சந்திப்பு. இவற்றோடு அவ்வூர் பீங்கான் நகரமும் ஆகும். அங்குள்ள தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து பொம்மைகளும் அகல்விளக்குகளும், வீட்டுச் சுவரில் மின்சார ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் கட்டைகளும் வெளிவருகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அங்கே உண்டு. களிமண்ணுக்கும் மோட்டார்க் காருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பழைய காரொன்றின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பழுது பார்க்கும் கதையைச் சொன்னால் அவ்வுறவு தானே விளங்கும்.

கார்புரேட்டர் இருந்த காலத்தில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் வேலையை ஒரு பித்தளைத் துளையும் ஒரு மிதவையும் செய்து வந்தன. 1967-இல் ஜெர்மானிய நாட்டு பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் காருக்கு மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் கருவியைப் பெருமளவில் செய்து அளித்தது. நம் நாட்டில் இம்முறை பரவியதற்குப் புகை விதிகளே முதற் காரணம். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்துக்குக் கடும் விதிகளைக் கட்டளையிட்டது. 2000 ஏப்ரலில் நாடெங்கும் புதுக் கார்களுக்கு 'இந்தியா 2000' விதி வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி 1998-இல் வெளிவந்த சான்ட்ரோவில் தொடக்கத்திலேயே இம்முறை இருந்தது. மாருதி 800-உம் பின்னர் இதற்கு மாறிற்று. அக்காலத்துக் கார்களுக்கு இன்று இருபது, இருபத்தைந்து வயது. அவற்றுள் பல இன்றும் வாடகைக்கு ஓடியும், சந்தைக்குச் சரக்கு ஏற்றியும் குடும்பங்களைக் காப்பாற்றி வருகின்றன.

இத்தகைய வண்டி ஒருநாள் நடுவழியில் நின்றுவிடுகிறது. "மூளை போய்விட்டது, புதுப்பெட்டி போடவேண்டும்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். வண்டியின் விலையில் கணிசமான பங்கைப் பெட்டி ஒன்றே கேட்கும். சில வேளை பெட்டியே கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெட்டியைப் பொருத்தினாலோ, திருட்டுத் தடுப்புக் குறியீடு ஒவ்வாமல் இயந்திரம் கிளம்ப மறுக்கும். உரிமையாளர் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுகிறார். இப்படி உடைபட்ட வண்டிகளுள் எத்தனையோ, சில ரூபாய்ப் பொருளுக்காக உயிர்விட்டவை என்பது என் துணிபு.

முதலில், குற்றம் பெட்டியில்தானா என்று தேற வேண்டும். பெரும்பாலும் இல்லை. பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இயந்திரத்தை முடுக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கலாகாது. அடுத்து எர்த் கம்பி. இதை மின்தடை அளந்து சோதிப்பவர் ஏமாறுவார். பல இழைகள் அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 'நன்று' என்றே சொல்லும். மின்சாரம் ஓடும்போது பெட்டியின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் வீணாகிறது என்று பார்ப்பதே முறை. ஒரு வோல்ட்டில் பத்தில் இரு பங்குக்கு மேல் காட்டினால் கம்பியையே ஐயுற வேண்டும். மற்றொரு பொறியும் உண்டு. பல உணர்விகளுக்கும் பெட்டி 5 வோல்ட் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கிறது. அவற்றுள் ஒன்று குறுக்கிணைப்புக் கொண்டால் அந்த 5 வோல்ட்டே விழுந்து, எல்லாம் செத்தது போலத் தோன்றும். உணர்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் கள்வன் அகப்படுவான்.

இத்தனைக்கும் பிறகு குற்றம் பெட்டியில்தான் என்றானால், பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறக்கலாம். எல்லாவற்றுக்கும் முன் நினைவுச் சில்லில் உள்ள செய்திகளைப் படி எடுத்துவைப்பவனே அறிவாளி. பின்னர் மூக்கு வேலை செய்யட்டும்! 1990-ஐ ஒட்டிய சில பெட்டிகளைத் திறந்தால் மீன் வாடை வீசும். அலுமினியத் தகடும் ஈரத்தாளும் சுருட்டிய மின்தேக்கிகளின் திரவம் ரப்பர் மூடி வழியே கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளை அரித்த வாடை அது. மின்தேக்கி காய்வதற்கு வெப்பமே எமன். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. கசிந்ததை எடுத்துவிட்டுப் பலகையைச் சாராயத்தால், அதாவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால், கழுவவேண்டும். அதே கொள்ளளவும் குறையாத வோல்ட் அளவும் 105 டிகிரி தாங்கும் திறனும் உடைய புது மின்தேக்கியை வைத்து, அறுந்த கோட்டை மெல்லிய கம்பியால் பாலமிட வேண்டும்.

இன்ஜெக்டரை இயக்கும் டிரான்ஸிஸ்டர் கரிந்திருந்தால், புதியதை உடனே வைப்பது பேதைமை. நல்ல இன்ஜெக்டர்ச் சுருளின் தடை பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். ஓடுவது ஓர் ஆம்பியர் அளவே. சுருள் கெட்டுத் தடை 2 ஓமாகச் சுருங்கினால் ஆறேழு ஆம்பியர் பாயும். கொலையாளியை வெளியே விட்டுவிட்டுப் பிணத்தை மட்டும் மாற்றினால் அடுத்ததும் கரியும்.

இனி நம் பீங்கானுக்கு வருவோம். பலகையில் மணல் பருக்கை போல ஒட்டியிருக்கும் பழுப்புத் துண்டுகள் பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானாலான மின்தேக்கிகள். இவை காய்வதில்லை, கசிவதில்லை; ஆனால் வளைவைப் பொறுக்கமாட்டா. பெட்டியை நெம்பித் திறக்கும்போது பலகை சற்றே வளைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நல்ல பெட்டியைத் திறந்தே கெடுத்தவர் பலர்.

சில பெட்டிகளில் பலகையே பீங்கான். 1600 டிகிரி அளவில் சுட்ட அலுமினாத் தகட்டின்மேல் சுற்றை அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி இழைப் பலகையைவிட எழுபது, எண்பது மடங்கு வெப்பத்தை இது கடத்தும். இதனால்தான் இயந்திரத்தின் அனலருகே இதை வைக்க முடிகிறது. சூட்டில் விரிவதிலும் இது சிலிக்கான் சில்லுக்கு ஓரளவு நெருங்கி நிற்பதால் இணைப்புகள் எளிதில் அறுவதில்லை. ஆனால் பழுது பார்ப்பவனுக்கு இதே நற்குணம் தொல்லை. பற்றாசுக் கோலின் சூட்டைத் தகடு உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருகாது. தகடு முழுவதையும் முன்கூட்டி மெல்லச் சூடேற்ற வேண்டும். மயிரிழை போன்ற அலுமினியக் கம்பிகள் அறுந்திருந்தால் சாதாரணப் பற்றாசு உதவாது; அதற்கெனத் தனிப் பொறி வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடல் அலுமினா. புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளந்து பெட்டிக்குச் செய்தி அனுப்புவது ஸிர்கோனியா. 300 டிகிரிக்கு மேல் சூடேறிய பின்னரே அது பேசத் தொடங்கும். நச்சுப் புகையை மாற்றும் தேன்கூட்டுக் கட்டை பெரும்பாலும் கார்டியரைட். விருத்தாசலத்தில் அகல்விளக்குச் சுடக் கற்கும் மாணவன், இக்குடும்பத்தின் மூத்த உறவினரோடு பழகிக்கொண்டிருக்கிறான்!

பழுது பார்க்கும் உரிமை குறித்து இப்போது அரசும் பேசுகிறது. நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயில் ஒன்றையும் திறந்தது. மோட்டார் வாகனமும் அதில் அடங்கும். எனினும் சுற்று வரைபடம் பட்டறைக்காரர் கைக்கு எளிதில் எட்டினால்தான் அவ்வுரிமைக்குப் பொருள் உண்டு. ஒன்றைமட்டும் எச்சரிப்பேன்: காற்றுப்பையையும் பிரேக்கையும் ஆளும் பெட்டிகளில் கற்றுக்குட்டிகள் கைவைக்கலாகாது.

பழுது தீர்ந்த பெட்டியை உடனே மூடிவிடலாகாது. மேசைமேல் குளிர்ந்திருக்கும்போது எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியே. வண்டியில் இணைத்து இயந்திரத்தை ஓடவிட்டு, வெப்பக் காற்றால் பலகையை மெல்லச் சூடேற்றி, பின்பு குளிரவிட்டு, மறுபடியும் சூடேற்றிப் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட பற்றாசு இருந்தால் இயந்திரம் அப்போது திக்கும். அந்த இடத்தைப் புதிதாகப் பற்றவைத்து, ஈரம் படாதிருக்க மெருகெண்ணெய் பூசி, அது உலர்ந்த பின்னரே உறையின் திருகாணிகளை முடுக்க வேண்டும்.